புதுப்பிப்பு: எச்டி ரேடியோ வாங்கியாச்சு

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் வர்ணனை கேட்க எச்டி ரேடியோ (வழக்கமான அனலாக் ஒலிபரப்போடு நிலையம் சேர்த்து அனுப்பும் டிஜிட்டல் ஒலியையும் பிடிக்கும் ரேடியோ) வாங்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். வாங்கிவிட்டேன். எஃப்எம்மில் ஒலி பிரமாதம். எச்டி2, எச்டி3 என்று கூடுதல் சேனல்கள், சந்தாவும் கிடையாது.

ஆனால் ஆட்டத்துக்கு ஒரு விஷயம் கவனிக்கணும். டிஜிட்டல் ஒலி சுமார் 8 வினாடி பிந்தித்தான் வரும். டிஜிட்டலும் அனலாக்கும் ஒன்றாக ஓட, நிலையம் அனலாக்கையும் அதே அளவு தாமதப்படுத்தும். அப்படியானால் மைதானத்தில் ரேடியோவோடு உட்கார்ந்திருப்பவருக்கு டச்டவுன் (கோல் மாதிரி) முடிந்த பிறகுதான் வர்ணனையே வரும், பாவம்! அதனால் நேரலையின்போது சில நிலையங்கள் அனலாக் தாமதத்தை எடுத்துவிடுகின்றன. அந்த நேரம் சிக்னல் மங்கி ரேடியோ அனலாக்குக்குத் தாவினால், வர்ணனை 8 வினாடி முன்னே குதித்து, ஒரு பாஸ் அப்படியே காணாமல் போகும்.

எச்டியை அணைத்துவைக்கும் வசதியுள்ள மாடலாகப் பார்த்து வாங்குங்கள். இரவு ஏஎம்முக்கு என் பழைய செட்டே போதும். டெட்ராய்ட்டின் 50,000 வாட் டபிள்யூஜேஆர் நிலையம், 760 கிலோஹெர்ட்ஸில் கணீரென்று வருகிறது.