ஹன்போக் தைக்கத் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். ஃபேன்டஸி படக்கதை ஒன்றுக்குக் கொரியாவின் பாரம்பரிய உடையான ஹன்போக்கை வைத்து உடைகள் வரைகிறேன். ஃபேன்டஸி உடைகளில் அதிகம் தென்படுவது, மார்போடு நிற்கும் குட்டை ஜொகோரியும் (மேல்சட்டை) நன்றாக விரியும் சிமா பாவாடையும். அது கொரியாவை ஆண்ட ஜோசன் அரசின் பிற்கால வடிவம். 16ஆம் நூற்றாண்டில் ஜொகோரி இடுப்பு வரை நீண்டிருந்தது. என் போர்வீராங்கனைக்கு அதுதான் சரி.

அதன்மேல் படை அதிகாரிகள் அணிந்த சியோல்லிக் அங்கி. மேல்சட்டையையும் மடிப்புப் பாவாடையையும் இடுப்பில் இணைத்துத் தைத்தது. எனக்கு ரொம்பப் பிடித்த உடை! குதிரை ஏறும்போது அந்த மடிப்புகள் எப்படி விரியும்? சில அங்கிகளில் சட்டைக்கையைக் கழற்றலாமே, அந்த இணைப்பு எப்படி இருக்கும்? தைத்தவர்கள், அருங்காட்சியகத்தில் பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள். பின்பக்கப் படம் இருந்தால் கட்டாயம் போடுங்கள், முன்பக்கம் மட்டும்தான் எங்கும் கிடைக்கிறது.