கடலையில் பெண்டிமெத்தலின் அடித்தும் பட்டை பட்டையாகக் களை

கேள்வி: செம்மண், இறவைக் கடலை, ஒரு ஏக்கர். விதைத்த மூணாம் நாள், களை முளைக்கும் முன் அடிக்கிற பெண்டிமெத்தலின் களைக்கொல்லி ஒரு லிட்டரை 16 லிட்டர் டேங்கில் அஞ்சு டேங்காகப் பிரித்து அடித்தோம். இப்போது 18 நாள். சில இடம் சுத்தம், நடுவில் பட்டை பட்டையாகச் சாரணைக் களை. கோரை வயல் முழுக்க. மருந்து போலியா?

பதில் 1: போலின்னு சொல்றதுக்கு முன்னாடி கேனைப் பாருங்க. 30 ஈ.சி. (30% மருந்து, தண்ணீரில் பால் மாதிரி கலக்குற வகை) என்றால் ஏக்கருக்கு 1.3 லிட்டர், நீங்க போட்டது குறைவு. 38.7 சி.எஸ். (38.7% மருந்து, நுண்ணுறைக்குள்ள அடைச்ச வகை) என்றால் ஒரு லிட்டர் போதும்.

பெரிய தப்பு தண்ணீரில்தான். 80 லிட்டர் ஏக்கருக்குக் காணாது, 200 லிட்டர் வேணும். அதாவது பன்னிரண்டரை டேங்க், டேங்குக்கு 30 ஈ.சி. சுமார் 105 மில்லி. இந்த மருந்து மண் மேல போர்வை மாதிரி படியணும். போர்வை விட்டுப்போன இடத்துலதான் உங்க சாரணை.

பதில் 2: பூச்சிமருந்து அடிக்கிற கூம்பு நாசிலா போட்டீங்க? பட்டை விழ அதுவும் காரணம். தட்டை விசிறி நாசில் மாட்டி, கையை வீசாமல், ஒரே உயரத்தில் பிடித்து, பின்னோக்கி நடக்கணும். அடித்த மண்ணை மிதிக்கக் கூடாது. முதலில் ஒரு சென்ட் அளந்து வெறும் தண்ணீர் அடித்துப் பாருங்க. இரண்டு லிட்டர் செலவானால் நடை சரி. இதைச் செய்யாமல் டேங்க் கணக்குப் போடுறது குருட்டுக் கணக்கு.

கட்டி உடையாத மண்ணும் வேண்டாம்: கட்டிக்கு அடியில் மருந்து போகாது, பிறகு கட்டி கரைந்ததும் அங்கிருந்து களை கிளம்பும். காய்ந்த மண்ணில் அடித்தால் வெயிலில் வீரியம் போயிடும். அடித்ததும் உயிர்த்தண்ணி (விதைத்த சில நாளில் விடுகிற லேசான பாசனம்) விடுங்க, ஆனால் மேல்மண் அரிக்காத வேகத்தில்.

கேட்டவர்: கூம்பு நாசில்தான். 30 ஈ.சி. அப்போ கோரை?

பதில் 1: அளவு சரியா இருந்தாலும் கோரை நின்னிருக்கும். பெண்டிமெத்தலின் முளைக்கிற விதையின் வேர், குருத்துல செல் பிரியறதைத் தடுக்குது. கோரை கிழங்குல இருந்து வருது, அதுக்கு இது ஒண்ணும் செய்யாது. முளைச்சு நிக்கிற சாரணைக்கும் அப்படித்தான், அதனால மறுபடி இதையே அடிக்காதீங்க. இப்போ கைக்களை ஒண்ணு எடுங்க, 40 நாள் வாக்கில் இன்னொண்ணு. ஜிப்சம் ஏக்கருக்கு 160 கிலோ போட்டு மண் அணைக்கிறதை 45 நாளுக்குள்ள முடிச்சிடுங்க. விழுது (பூவிலிருந்து மண்ணுக்குள்ள இறங்கிக் காய் பிடிக்கிற காம்பு) இறங்கின பிறகு மண்ணைக் கிளறினால் காய் போயிடும்.