கார் நின்றது, மோட்டார் சைக்கிள் நிற்கவில்லை: நடந்து வருபவரின் பங்கு எவ்வளவு?

சந்தைப்பை (ஜார்ஜ்டவுன், பினாங்கு, மலேசியா) கேட்டது:

71 வயதான என் அம்மா, சென்ற வாரம் சௌரஸ்தா சந்தையிலிருந்து வீடு திரும்பும் வழியில், மூன்று தடங்கள் கொண்ட ஒருவழிச் சாலையை வரிக்குதிரைக் கோட்டின் மீது நடந்து கடந்தார். முதல் தடத்தில் வந்த கார் நின்றது. ஓட்டுநர் போகச் சொல்லிக் கையசைத்தார். அந்தக் காரைத் தாண்டி அம்மா இரண்டாவது தடத்தில் கால் வைத்த கணத்தில், பின்னாலிருந்து வந்த மோட்டார் சைக்கிள் ஒன்று அவர் கையிலிருந்த பையை இடித்துக்கொண்டு போய் நின்றது. நல்லவேளையாகக் காயமில்லை, முருங்கைக்காயும் தேங்காய்த் துருவலும் சாலையில் சிதறியதோடு போயிற்று. ஓட்டிய இளைஞர் திரும்பி, “பார்த்து வரக் கூடாதா, பாட்டி?” என்று கேட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அவர் கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது என்கிறார் என் அண்ணன். கோட்டின் மீது நடந்தவரைப் பார்த்து அப்படிக் கேட்பதே அநியாயம் என்று எனக்குப் படுகிறது. சாலைப் பாதுகாப்பு எல்லாருடைய பொறுப்பும் என்று சொல்கிறோமே, அப்படியென்றால் ஆளுக்குச் சரிபாதியா? அம்மா இனித் தனியாகச் சந்தைக்குப் போகவே தயங்குகிறார் என்பதால்தான் கேட்கிறேன்.

பழைய பேருந்து ஓட்டுநர் எழுதியது:

சகோதரி, பாயான் லெப்பாஸ் பக்கம் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். முதல் குற்றவாளி மோட்டார்க்காரர். அதில் இரண்டு பேச்சில்லை. கோட்டின் முன் ஒரு வண்டி நிற்கிறது என்றால், யாரோ கடக்கிறார்கள் என்பதற்கு அதுவே அடையாளம். நிற்கும் வண்டியை அந்த இடத்தில் முந்தவே கூடாது.

ஆனால் உங்கள் கதையில் யாரும் குறை சொல்லாத ஒருவர் இருக்கிறார்: கையசைத்த அந்த நல்ல மனிதர். அவருடைய கை அவருடைய தடத்துக்கு மட்டுமே உத்தரவாதம் தரும். பக்கத்துத் தடத்தில் என்ன வருகிறது என்பது அவருக்கே தெரியாது. பெரும்பாலானோர் செய்வது போலக் கோட்டை ஒட்டியே அவர் நிறுத்தியிருந்தால், குள்ளமான ஒரு மூதாட்டியைக் காரே மறைத்துவிடும். இரண்டு கார் நீளம் பின்னாலேயே நிறுத்தினால்தான், பக்கத்தில் வருபவருக்கு நடப்பவர் கண்ணில் படுவார். நிறுத்தும் முன் பின்கண்ணாடியைப் பார்ப்பதும், கையசைக்காமல் வெறுமனே காத்திருப்பதும் அதைவிட நல்லது.

வேகத்தையும் சொல்ல வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் வண்டி நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் நகர்கிறது. ஆளைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி என்று வைத்தாலே 25 மீட்டர் போய்விடும். பிடித்து நிற்க உலர்ந்த சாலையில் இன்னும் 20 மீட்டர். 30 கிலோமீட்டரில் வந்தால் மொத்தமே 18 மீட்டருக்குள் அடங்கிவிடும். பள்ளிப் பகுதிகளில் 30 என்று பலகை வைத்திருப்பது சும்மா அல்ல.

வழக்குக்கட்டு எழுதியது:

வழக்கறிஞர் அலுவலகத்தில் விபத்து வழக்குகளின் கோப்புகளைப் பார்ப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ‘சரிபாதி’ என்ற கணக்கு சட்டத்தில் இல்லை. 1956ஆம் ஆண்டின் குடியியல் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, பாதிக்கப்பட்டவரிடமும் கவனக்குறைவு இருந்தது என்பதற்காக அவருடைய கோரிக்கை தள்ளுபடியாகிவிடாது. நீதிமன்றம் அவருடைய பங்கை எடைபோட்டு, இழப்பீட்டை அந்த அளவுக்குக் குறைக்கும். கோட்டின் மீது நடந்த முதியவரையும், நடைமேம்பாலத்தின் அடியிலேயே வேலியைத் தாண்டிக் குதித்த வாலிபரையும் நீதிபதி ஒரே தராசில் நிறுத்த மாட்டார். குழந்தைகளிடம் பெரியவர்களுக்குரிய கவனத்தை எதிர்பார்ப்பதும் இல்லை.

அந்த இளைஞர் அப்படியே கிளம்பிப் போனதும் சிறிய விஷயமல்ல. 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, விபத்தில் காயமோ சேதமோ ஏற்பட்டால் ஓட்டுநர் நின்று தம் விவரங்களைத் தர வேண்டும். 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் புகார் செய்ய வேண்டும். அடுத்த முறை, அப்படி ஒன்று வரவே வேண்டாம், வண்டி எண்ணையாவது குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

செந்தூல் நடையன் எழுதியது:

நடப்பவர்களுக்காகவே எல்லாரும் பேசுவதால் மாற்றிப் பேசுகிறேன், நானும் நடப்பவன்தான். கோலாலம்பூரில் தினமும் இரயில் நிலையத்துக்கு நடக்கும்போது, கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சாலையில் இறங்குபவர்களைப் பார்க்கிறேன். இரவில் கறுப்புச் சட்டையோடு, விளக்கில்லாத இடமாகப் பார்த்துக் கடப்பவர்களும் உண்டு. வண்டியின் முகப்பு விளக்கைத் தாழ்த்தி வைத்த ஒளியில் கறுப்பு உடை ஏறக்குறைய 30 மீட்டருக்குள் வந்த பிறகுதான் கண்ணில் படும். பேருந்து ஓட்டிய ஐயா சொன்ன 25, 20 இரண்டும் சேர்ந்த 45 மீட்டரோடு வைத்துப் பாருங்கள், எவ்வளவு நல்ல ஓட்டுநராக இருந்தாலும் என்ன செய்வார்?

அஞ்சடி எழுதியது:

சாலையில் நடக்காமல் ஓரமாக நடங்கள் என்பார்கள். எந்த ஓரத்தில்? ஜார்ஜ்டவுன் கடைவீடுகளின் அஞ்சடி, அதாவது கடை முகப்பில் கூரையோடு இருக்கும் நடைபாதை, வெயிலிலும் மழையிலும் ஆட்கள் நடப்பதற்கென்றே கட்டப்பட்டது. இப்போது அங்கே மோட்டார் நிற்கிறது, அரிசி மூட்டை நிற்கிறது, சாப்பாட்டுக் கடையின் மேசை நிற்கிறது. மூன்று கடைக்கு ஒருமுறை சாலையில் இறங்கி ஏறித்தான் போக வேண்டியிருக்கிறது. இறங்கியவருக்குக் கவனமில்லை என்று பிறகு பேசுகிறோம்.

சமிக்ஞை விளக்குகளிலும் இதே கதைதான். நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவரை வைத்துக் கணக்கிட்டால், 14 மீட்டர் சாலையைக் கடக்க 12 நொடி போதும், 0.8 மீட்டர் நடக்கும் முதியவருக்கு 17 நொடிக்கு மேல் ஆகும். அந்த ஐந்து நொடிக்கு ஓட்டுநரும் பொறுப்பல்ல, உங்கள் அம்மாவும் பொறுப்பல்ல.

சந்தைப்பை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்று அம்மாவோடு நானும் சந்தைக்குப் போனேன். அதே கோடு, இம்முறை ஒரு வேன் நின்றது. அம்மா அதன் மூக்கு வரை போய் நின்று, தலையை நீட்டும் முன் மடித்த குடையை நீட்டினார். இரண்டு மோட்டார்கள் சர்ரென்று போயின, மூன்றாவது நின்றது. அவர் கடந்து முடிக்கும்வரை வேன்காரர் நகரவில்லை. அண்ணனிடம் இதைச் சொன்னபோது, குடைக்கு எத்தனை விழுக்காடு என்று கேட்டுச் சிரித்தார். அவரோடு இன்னும் வாதம் முடியவில்லை.