பாலைவன ஊரில் காற்று எப்படி அடிக்கும்? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்

திருமங்கலம் (குவைத், 11 வருடம்)

என் மச்சான் அடுத்த வாரம் குவைத் போகிறான். ஆடியில் கிளம்ப வேண்டாம் என்று அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறார். விசாவுக்கு ஆடி ஆவணி தெரியுமா என்ன? சரி, அது கிடக்கட்டும்.

வீட்டில் ஆளாளுக்கு வெயிலைச் சொல்லித்தான் அவனைப் பயமுறுத்துகிறார்கள். நான் அங்கே ஏசி மெக்கானிக்காக இருந்தவன். வெயிலுக்கு நிழல் உண்டு, ஏசி உண்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பகல் 11 மணியிலிருந்து 4 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று இப்போது சட்டமும் உண்டு. காற்றுதான் ஆளை அசத்துவது. ஊரிலிருந்து போகிற யாருக்கும் அதைப் பற்றிச் சொல்லி அனுப்புவதில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை.

நான் குவைத்துக்குப் போய்ச் சேர்ந்த வருடமே, முதல் ஜூன் மாதத்தில் ஒருநாள் காலையில் கதவைத் திறந்தால் வானம் நீர்மோர் நிறத்தில் இருந்தது. சூரியன் நிலா மாதிரி வெளிறிப்போய்த் தொங்குகிறது. மேகம் போட்டிருக்கிறது, மழை வரும்போல என்றேன். ரூமில் இருந்த ராமநாதபுரத்து அண்ணன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "மழையா? தம்பி, அது மண்ணுடா" என்றார். அதற்குப் பேர் ஷமால். அரபியில் வடக்கு என்று அர்த்தம். ஈராக் பக்கமிருந்து, அதாவது வடமேற்கிலிருந்து இறங்கும். காலை பத்து மணிக்கு மேல் வேகம் எடுக்கும், மதியம் ஆளைத் தள்ளும், ராத்திரி கொஞ்சம் அடங்கும், மறுநாள் திரும்பவும் முதலிலிருந்து. மூன்று நாளும் அடிக்கும், ஒரு வாரமும் அடிக்கும்.

எங்கள் தொழிலுக்கு அது சீசன். மொட்டை மாடியில் இருக்கும் அவுட்டோர் யூனிட் காயிலில் மண் அப்பி, உள்ளே காற்றே போகாது. ஃபில்டரைக் கழற்றினால் இட்லித் துணியில் மாவு ஒட்டியிருப்பது போல ஒரு விரற்கடை கனத்துக்கு ஒட்டியிருக்கும். ஒரு கட்டிடத்தில் கடைசி யூனிட்டைக் கழுவி முடிக்கும்போது முதல் யூனிட் அடைத்துக்கொண்டு போன் வரும். மாடியில் கண்ணாடியும், அரபிகள் தலையில் கட்டும் ஷ்மாக் துணியும் கட்டிக்கொண்டு வேலை செய்தாலும் சாயங்காலம் காதைக் குடைந்தால் செம்மண் மாதிரி வரும். சோற்றை மென்றால் நறநற. தெரியாமல் ஒருநாள் சட்னி அரைத்துத் திறந்து வைத்துவிட்டேன், அவ்வளவுதான்.

இதெல்லாம் சாதாரணம். ஒரே ஒருநாள்தான் நிஜமாகப் பயந்தேன். 2011 மார்ச் 25, வெள்ளிக்கிழமை. லீவு நாள் என்பதால் நம் ஆட்கள் காலி மண் மைதானத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தோம். சாயங்கால நேரம். லாங் ஆனில் நின்றவன் பந்தைப் பார்க்காமல் அந்தப் பக்கம் திரும்பி நிற்கிறான். திட்டலாம் என்று பார்த்தால், அவனுக்குப் பின்னால் நாகமலை நிற்கிறது. குவைத்தில் ஏது மலை? அதுவும் நகர்ந்து வருகிறது! அடியில் கருப்பு, நடுவில் செங்கல் நிறம், உச்சியில் வெயில் பட்டு மஞ்சள். சத்தமே இல்லை. சத்தம் இல்லாததுதான் ரொம்ப மோசம்.

ஸ்டம்ப்பை எல்லாம் போட்டுவிட்டு ஓடினோம். ரூம் ஐந்து நிமிட நடை தூரம்தான். பாதி வழியில் பிடித்துவிட்டது. முதலில் ஆரஞ்சு, அப்புறம் ரத்தச் சிவப்பு, அப்புறம் எதுவுமே தெரியவில்லை. நீட்டிய கை தெரியவில்லை என்று சும்மா சொல்வார்களே, அன்றைக்கு உண்மையிலேயே தெரியவில்லை. ஒரு சுவரைத் தடவிப் பிடித்து அதன் ஓரமாகக் குந்திவிட்டோம். என் பக்கத்தில் இருந்தவன் முருகா முருகா என்கிறான், அவனுக்கு அந்தப் பக்கம் இருந்தவன் அல்லாவைக் கூப்பிடுகிறான். கொஞ்சம் வெளுத்த பிறகு பார்த்தால் நாங்கள் குந்தியிருந்தது எங்கள் கட்டிடத்துச் சுவரிலேயே.

மச்சானுக்கு நான் சொன்னது: வடமேற்கு ஜன்னல் இருக்கிற ரூமில் கட்டில் பிடிக்காதே. கதவிடுக்கில் ஈரத்துண்டு சுருட்டி வை. வீசிங் இருந்தால் இன்ஹேலர் பையில் இல்லாமல் வெளியே போகாதே. மற்ற ஊர்க்காரர்களும் சொல்லுங்கள், படித்துக் காட்டுகிறேன்.


சோழவந்தான் (துபாய், டவர் கிரேனில் சுமை கட்டிவிடும் ரிக்கர்)

அண்ணே, துபாயில் மண் கொஞ்சம் குறைவு, கடல் பக்கத்தில் இருப்பதால் மதியத்துக்கு மேல் கடல்காற்று தினமும் வரும். ஆனால் தரையில் நிற்பவனுக்கு ஒரு காற்று, 50ஆவது மாடியில் நிற்பவனுக்கு வேறு காற்று. கீழே சிகரெட் புகை நேராகப் போகும், மேலே ஹெல்மெட் நாடா தாடையை அறுக்கும்.

கிரேன் உச்சியில் காற்றின் வேகம் பார்க்கும் கிண்ணம் சுற்றிக்கொண்டே இருக்கும். அளவு தாண்டினால் ஆபரேட்டர் கேபினில் அலாரம். உடனே தூக்குவதை நிறுத்த வேண்டும். எடையைவிட அகலம்தான் எங்களுக்கு எமன். ஒரு டன் கம்பிக்கட்டு சாதுவாக ஏறும், ஐம்பது கிலோ ப்ளைவுட் பாய்மரம் மாதிரி ஆளையே இழுக்கும். ஒருமுறை ஃபோர்மேன் அவசரப்படுத்தி, கட்டாமல் வைத்திருந்த ஒரு ஷீட் பறந்து இரண்டு கட்டிடம் தள்ளிப் போய் விழுந்தது. கீழே ஆள் இல்லை, கடவுள் புண்ணியம். கம்பெனி பேரைச் சொல்ல மாட்டேன்.

நான் போன புதிதில் ஆச்சரியப்பட்டது ஒன்று. வேலை முடிந்ததும் கிரேனின் கையைப் பூட்டிவிட்டு இறங்குவார்கள் என்று நினைத்திருந்தேன். பூட்டவே கூடாதாம். பிரேக்கை விடுவித்துவிட்டு வர வேண்டும். ராத்திரி காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் தானாகத் திரும்பி நிற்கும். பூட்டினால்தான் சாயும். விடியற்காலை பஸ்ஸில் வரும்போது ஊரில் இருக்கும் அத்தனை கிரேனும் ஒரே திசையைப் பார்த்து நிற்கும். அதைப் பார்த்தே இன்றைக்கு என்ன காற்று என்று சொல்லிவிடுவோம்.

அதே ஊரில் பழைய அல் ஃபஹீதி பகுதிக்குப் போனால் வீட்டுக்கு மேல் சதுரமாக ஒரு கோபுரம் இருக்கும், பர்ஜீல் என்பார்கள். நாலு பக்கமும் திறப்பு. எந்தப் பக்கம் காற்று வந்தாலும் பிடித்துக் கீழே அறைக்குள் இறக்கும். கரண்ட் இல்லாத காலத்து ஏசி. லீவு நாளில் அதன் கீழே போய் நின்று பார்த்தேன், நிஜமாகவே சில்லென்று இறங்குகிறது.


பேரையூர்

இதற்கு ஏன் குவைத் போக வேண்டும்? எங்கள் கண்மாய்க்குள் சித்திரை மாதம் வந்து நில்லுங்கள். பேய்க்காற்று சுழற்றி முழு வேட்டியையே உருவும்.


உசிலம்பட்டி (முன்னாள் ராணுவம்)

பேரையூர்த் தம்பிக்கு: பேய்க்காற்று இரண்டு நிமிடம் சுற்றும், போய்விடும். நான் ஜெய்சால்மரில் இரண்டு கோடை இருந்தேன். அங்கே மே, ஜூனில் அடிப்பதற்கு லூ என்று பேர். மேற்கிலிருந்து வரும் அனல். 45 டிகிரியில் அடிக்கும்போது வியர்வை தெரியவே தெரியாது, வருகிற வேகத்தில் காய்ந்துவிடும். அதுதான் ஆபத்து, தாகமே எடுக்காமல் ஆள் சுருண்டு விழுவான். அந்த ஊர்க்காரர்கள் சட்டைப் பையில் பச்சை வெங்காயம் வைத்துக்கொண்டு போவார்கள். வெங்காயத்தால் பலன் உண்டோ இல்லையோ, மாங்காயைச் சுட்டுப் பிழிந்து உப்புப் போட்டு ஒரு பானம் தருவார்கள், அது உயிரைக் காப்பாற்றும்.

நேற்று வண்டி போன ரோடு இன்று இருக்காது. மணல் மேடு குறுக்கே வந்து படுத்திருக்கும். டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட்டு ஏறிக் கடப்போம். ஒன்று கவனித்தேன்: மணல் முழங்கால், இடுப்பு உயரத்துக்குள்தான் துள்ளித் துள்ளி ஓடும், தோலை ஊசியாகக் குத்தும். அதற்கு மேலே ஏறி மூச்சை அடைப்பது மாவு மாதிரித் தூசி. லாரி மேல் ஏறி நின்றால் கால் தப்பிக்கும், நெஞ்சு தப்பாது.

ஊரைச் சுற்றிக் காற்றாலைகள் ஏராளம். ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் அங்கே நிற்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் நம் கணவாய் ஞாபகம் வரும்.


மேலூர் (ஓய்வு பெற்ற புவியியல் வாத்தியார்)

நான் எந்தப் பாலைவனத்துக்கும் போனதில்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

நீங்கள் எல்லோரும் வேறு வேறு காற்றைச் சொல்வதாக நினைக்கிறீர்கள். கோடையில் பாகிஸ்தான், ராஜஸ்தான், ஈரான் பக்கத்து நிலம் கொதித்து, அங்கே இருக்கும் காற்று லேசாகி மேலே போகிறது. தரையில் அழுத்தம் குறைந்து ஒரு பள்ளம் விழுந்த மாதிரி ஆகிவிடும். சுற்றி இருக்கும் காற்று அந்தப் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு ஓடும். அதற்கு மேற்கே அது வடமேற்கிலிருந்து இறங்கினால் ஷமால். அரபிக்கடலைத் தாண்டித் தென்மேற்கிலிருந்து வந்தால் பருவக்காற்று. அந்தப் பருவக்காற்று மழையைக் கேரளத்தில் இறக்கி வைத்துவிட்டு, பாலக்காட்டுக் கணவாய், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம் பள்ளத்தாக்கு என்று இடுக்குக் கிடைத்த இடத்தில் எல்லாம் புகுந்து நம் பக்கம் வெறுங்கையோடு வந்தால் அதுதான் ஆடிக்காற்று. ஆக ஷமாலும் ஆடிக்காற்றும் பங்காளிகள். மாதம்கூட ஏறத்தாழ ஒன்றுதான்.

திருமங்கலத்துக்காரர் சொன்ன பத்து மணிக் கணக்கும் சரி. வெறும் தரை சூடேறினால் கீழ்க்காற்று மேலே போகும், மேலே வேகமாக ஓடும் காற்று கீழே இறங்கும். ராத்திரி தரை குளிர்ந்தால் இந்தக் கொடுக்கல் வாங்கல் நின்றுவிடும். மரம், செடி, புல் என்று தடுப்பு எதுவும் இல்லாததால் அங்கே முழு வேகமும் முகத்தில்.

நம் ஆடிக்காற்றில் தூசி குறைவு என்றால், தரையை இன்னும் கொஞ்சம் வேர் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். வேர் இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்று பார்க்க குவைத் போக வேண்டாம், தூத்துக்குடிப் பக்கம் தேரிக்காட்டுக்குப் போனால் போதும். ஆரல்வாய்மொழி வழியாக வந்த காற்று மலையடிவாரச் செம்மண்ணை அள்ளிக்கொண்டு போய்க் கொட்டிய மேடுகள் அவை.


சோழவந்தான்

சார், இதைப் பத்தாம் வகுப்பில் இப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தால் நான் கிரேன் ஏறியிருக்க மாட்டேன்.


கே.கே. நகர்

நான் அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் பக்கம் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தவள். பேத்தியைப் பார்த்துக்கொள்ளப் போனேன், ஊரைப் பார்க்கப் போகவில்லை. ஆனால் பார்த்துவிட்டேன்.

ஜூலையில் ஒருநாள் காரில் போகும்போது எல்லோருடைய போனும் ஒரே நேரத்தில் அலறியது. மகள் சட்டென்று ரோட்டை விட்டு முழுசாக இறங்கி நிறுத்தினாள். அடுத்து அவள் செய்ததுதான் எனக்குப் புரியவில்லை. எல்லா லைட்டையும் அணைத்தாள், பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். "என்னடி, லைட்டைப் போடுவாயா, அணைப்பாயா?" என்று சத்தம் போட்டேன். "அம்மா, பின்னால் வருகிறவன் நம் சிவப்பு லைட்டைப் பார்த்து ரோடு இங்கேதான் போகிறது என்று நேராக வந்து இடிப்பான்" என்றாள். அங்கே இதையே விதியாகச் சொல்லிக் கொடுக்கிறார்களாம். மதுரையில் மழை வந்தால் நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு பைபாஸில் பறக்கிறவர்களை நினைத்துக்கொண்டேன்.

மண் சுவர் மாதிரி எழும்பி வரும் அந்தக் காற்றுக்கு ஹபூப் என்று அரபிப் பேரையே அங்கேயும் வைத்திருக்கிறார்கள். 2011 ஜூலை 5ஆம் தேதி வந்தது 5,000 அடிக்கு மேல் உயரம், 100 மைல் அகலமாம். இடிமேகம் ஒன்று உடைந்து, குளிர்ந்த காற்று மொத்தமாகத் தரையில் விழுந்து நாலாபக்கமும் ஓடும்போது மண்ணைக் கிளப்புகிறது என்று மருமகன் விளக்கினார். நம்மூரில் சித்திரை வைகாசியில் கோடை மழைக்கு முன்னால் ஒரு மண் காற்று வந்து கதவைப் படார் என்று அடிக்குமே, அதுதானே? அதன் பெரியப்பா.

நாங்கள் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் நாலு சொட்டு மழை விழுந்தது, அத்தனையும் சேறு. மகள் வைப்பரைப் போடவில்லை. கண்ணாடி கீறிவிடுமாம்.


ஆண்டிபட்டி

வாத்தியார் கணவாய் என்று சொன்னதால் எழுதுகிறேன். உசிலம்பட்டியிலிருந்து வரும்போது எங்கள் கணவாயில் பைக்கைச் சாய்த்துத்தான் ஓட்ட வேண்டும். மலை இடுக்கு முடிந்து வெளியே வந்ததும் பக்கவாட்டில் ஒரு தள்ளு. பின்னால் பெண்டாட்டி உட்கார்ந்திருந்தால் எடைக்கு நல்லது என்று சொல்வேன், வீட்டில் படிக்கிறார்கள், வேண்டாம்.

ஆனிக் காற்றில் போன வருடம் 300 வாழை ஒடிந்தது, எல்லாம் குலை தள்ளியது. பக்கத்து நிலத்தில் காற்றாலை அதே காற்றில் ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தது. அவனுக்கு வருமானம், எனக்குத் தண்டம். மண் பறக்கவில்லை, வாத்தியார் சொன்ன மாதிரி வேர் பிடித்திருக்கிறது. வாழைக்கு வேர் போதவில்லை.


திருமங்கலம்

எல்லாவற்றையும் மச்சானுக்குப் படித்துக் காட்டினேன். லைட் அணைக்கிற விஷயத்தை மட்டும் இரண்டு தடவை கேட்டான், டிரைவர் வேலைக்குத்தான் போகிறான். ஷாக் அடிப்பதையும் சொல்லிவிட்டேன். மண் காற்றடிக்கும் நாளில் கார்க் கைப்பிடியைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கும், உரசலில் வரும் மின்சாரம், ஆளைக் கொல்லாது. அத்தை இப்போது மூக்கைச் சிந்துவதை விட்டுவிட்டு பெட்டியில் ஐந்து துண்டு வைத்திருக்கிறார், ஈரத்துண்டு என்று பேச்சுவாக்கில் சொன்னதைப் பிடித்துக்கொண்டார். எடை 30 கிலோவைத் தாண்டுகிறது. ஊறுகாயை எடுக்கச் சொன்னால் துண்டை எடுக்கிறான்.

பேரையூர், இன்றைக்கு உங்கள் பக்கம் காற்று எப்படி?


பேரையூர்

கொடியில் காயப்போட்ட வேட்டியைக் காணவில்லை. பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.