சொந்த போனில் கடை வேலை: வழி சொல்லுங்களேன்

வணக்கம். கொழும்பு புறக்கோட்டையில் எங்களுக்கு ஒரு சிறிய மொத்த வியாபாரக் கடை. விற்பனைக்குப் போகும் ஆறு பேரும் சொந்த போனில், வாட்ஸ்அப்பில்தான் ஓடர் எடுக்கிறார்கள். போன கிழமை ஒரு தம்பியின் போன் 138 ஆம் இலக்க பஸ்ஸில் பறிபோனது. பூட்டுக்கூடப் போடவில்லை. வாடிக்கையாளர்களின் அடையாள அட்டை, காசோலைப் படங்கள் எல்லாம் மகளின் பிறந்தநாள் படங்களுக்கு நடுவே கிடந்தனவாம். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

ஆளுக்கொரு போன் வாங்கிக் கொடுக்க வசதியில்லை. அன்ட்ரொய்டில் வேர்க் ப்ரொபைல் (ஒரே போனில் வேலைக்கான செயலிகளையும் தரவையும் தனியாகப் பிரித்து வைக்கும் வசதி) வைத்தால், வேலைப் பகுதியை மட்டும் தூரத்திலிருந்தே அழிக்கலாம். ஆனால் முதலாளி சொந்தப் படங்களைப் பார்ப்பாரோ என்று பொடியன்கள் தயங்குகிறார்கள். அதுவும் நியாயம்தான். சிறிய கடைக்கு இதைச் செய்தவர்கள் இருக்கிறீர்களா? மாதம் எவ்வளவு முடிகிறது?