முட்டை பூசினால் சுவருக்குக் களை வந்துவிடுமா?

சுண்ணாம்புச்சட்டி | காலை 7.40
நேற்று ஒருவர் இங்கே அடுக்குமாடி வீட்டுக்குக் களை சேர்க்கும் வழிகள் என்று ஒரு பட்டியல் போட்டிருந்தார். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் ஆஸ்பத்திரி வராந்தா போல இருக்கிறது என்று அவர் அலுத்துக்கொண்டது நியாயம். ஊஞ்சல் மாட்டுங்கள், ஆத்தங்குடிக் கல் பதியுங்கள் என்றார், சரி. மூன்றாவதாக, "செட்டிநாட்டு வீடுகளைப் போல ஒரு சுவருக்கு மட்டும் முட்டை வெள்ளைக்கருப் பூச்சு" என்கிறார். படித்ததிலிருந்து காபி இறங்கவில்லை. இருபத்திரண்டு வருடமாகச் சுண்ணாம்பு வேலை செய்கிறேன். அந்தச் சுவர்கள் மின்னுவது முட்டையால் அல்ல. சுண்ணாம்பை நீற்றி, நாள்கணக்கில் ஊறவைத்து, வெண்ணெய் போல அரைத்து இழுத்து, ஈரம் காய்வதற்குள் கூழாங்கல்லால் தேய்ப்பார்கள். மினுக்கம் அந்தத் தேய்ப்பில் இருக்கிறது. முட்டை ஆம்லெட்டுக்கு.

தேவகோட்டைப் பேரன் | காலை 8.02
இருபத்திரண்டு வருடமா? எங்கள் வளவுச் சுவருக்கு, அதாவது நடுமுற்றத்தைச் சுற்றிய கட்டின் சுவருக்கு, வயது நூற்றுப் பத்து. இன்றும் முகம் பார்த்துத் தலை சீவலாம். முட்டை போட்டுத்தான் பூசினார்கள் என்று என் அப்பத்தா சொல்லியிருக்கிறார். கூடை கூடையாக வந்ததாம்.

தேவகோட்டைப் பேரன் | காலை 8.09
இன்னொன்று. யுனெஸ்கோ 2014இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் உத்தேசப் பட்டியலில் சேர்த்த ஊர்கள் எங்கள் செட்டிநாட்டு ஊர்கள். உங்கள் சட்டியை அல்ல.

சுண்ணாம்புச்சட்டி | காலை 8.31
பட்டியலில் சேர்த்தது 2014. இன்னும் உத்தேசத்திலேயே இருக்கிறது. நிச்சயதார்த்தம் முடிந்து பத்து வருடத்துக்கு மேலாகியும் கல்யாணம் ஆகாத வீட்டில் இவ்வளவு மேளம் வேண்டாம். அப்பத்தா கண்ணால் பார்த்தாரா? வீடு கட்டும்போது அவர் பிறந்திருந்தாரா?

மூன்றாம் மாடி | காலை 8.50
வணக்கம். அந்தப் பட்டியலைப் போட்டவன் நான்தான். எனக்கு முட்டை முக்கியமில்லை, ஐயா. வேளச்சேரியில் இரண்டு படுக்கையறை வீடு. கூடத்தில் ஒரு சுவர் மட்டும் பழைய வீட்டுச் சாயலில் இருந்தால் போதும். ஏற்கெனவே எமல்ஷன் பெயின்ட் அடித்திருக்கிறது. அதன்மேல் சுண்ணாம்பு பூசலாமா?

மாம்பலத்து லலிதா | காலை 9.15
ஒரு சந்தேகம். இரண்டு பேரும் எந்தப் பூச்சைச் சொல்கிறீர்கள்? செங்கல்லின் மேல் போடுகிற முதல் பூச்சையா, கடைசியில் காகித கனத்துக்கு இழுக்கிற மேல்பூச்சையா? அதைச் சொல்லிவிட்டுச் சண்டை போடலாமே.

தேவகோட்டைப் பேரன் | காலை 9.22
சண்டை இல்லை அம்மா, சரித்திரம். ஐசக் பைக் என்று செயின்ட் ஹெலினா தீவின் ஆளுநர் ஒருவர். சென்னையில் சாந்து எப்படிக் குழைத்தார்கள் என்று லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் 1732இல் எழுதியிருக்கிறார். வெல்லம், கடுக்காய், தயிர், நெய், முட்டை வெள்ளைக்கரு, எல்லாம் அதில் இருக்கிறது. வெள்ளைக்காரன் எழுதி வைத்துவிட்டான். நம் ஊர்ச் சட்டி மறுக்கிறது.

சுண்ணாம்புச்சட்டி | காலை 9.48
சென்னையைப் பற்றித்தானே எழுதினான்? உங்கள் ஊர்ப் பெரிய வீடுகள் எல்லாம் 1850க்குப் பிறகு, பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கு விட்டுச் சம்பாதித்த காசில் எழுந்தவை. நூறு வருடத்துக்கு மேல் இடைவெளி, நானூறு கிலோமீட்டர் தூரம். இதற்கு அது சாட்சி என்றால், என் மாமா காசிக்குப் போனதற்கு நானும் புண்ணியம் கேட்பேன். வெல்லமும் கடுக்காயும் சரி. நானே போடுகிறேன். கலவை இழுக்க வாகாக வரும், வெடிப்பு குறையும். முட்டை? ஒரு வீடு முழுவதும் பூச எத்தனை ஆயிரம் வேண்டும் என்று கணக்குப் போட்டீர்களா? நாட்டுக்கோழி வருடத்துக்கு அறுபது எழுபது முட்டை இட்டாலே பெரிது. ஊர்க் கோழிகள் எல்லாம் உங்கள் வீட்டுக்காகவே முக்கிக்கொண்டிருந்தனவா?

உமி | காலை 10.05
அதோடு அந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார் அந்தக் காலத்தில் சுத்த சைவம் என்று கேள்வி. பூஜையறைச் சுவரில் முட்டையா?

தேவகோட்டைப் பேரன் | காலை 10.11
வந்துவிட்டார். போன மாதம் வெண்கல உருளியைப் புளி போட்டுத் தேய்க்கக் கூடாது என்று வாதாடித் தோற்றவர். தம்பி, செட்டிநாட்டுக் கோழி என்று உலகமே சாப்பிடுகிறது. அது எங்கிருந்து வந்தது?

உமி | காலை 10.14
தோற்கவில்லை. நீங்கள் பதில் சொல்லாமல் போய்விட்டீர்கள். கோழி ஓட்டல்காரர் வைத்த பெயராகவும் இருக்கலாம்.

தேவகோட்டைப் பேரன் | காலை 10.20
சுவரில் பூசுவது வேறு, தட்டில் போடுவது வேறு. செருப்புப் போட்டு நடக்கிறவர்கள் எல்லாம் தோல் தின்கிறார்களா?

தேவகோட்டைப் பேரன் | காலை 10.26
கணக்கு வேறு கேட்கிறார் சட்டி. பர்மாவிலிருந்து தேக்கும் இத்தாலியிலிருந்து சலவைக்கல்லும் கப்பலில் வந்தன. பெல்ஜியத்திலிருந்து ஆளுயரக் கண்ணாடி வந்தது. அதெல்லாம் வந்த வீட்டுக்குப் பக்கத்து ஊர் முட்டை வராதா?

மூன்றாம் மாடி | காலை 10.40
எமல்ஷன் பெயின்ட் பற்றி யாராவது...

சுண்ணாம்புச்சட்டி | காலை 10.58
சுரண்டி எடுக்க வேண்டும் தம்பி. அது பிளாஸ்டிக் தோல். சுண்ணாம்பு அதன்மேல் நிற்காது. காற்றை உறிஞ்சித்தான் சுண்ணாம்பு மறுபடி கல்லாகிறது. பூசிய பிறகும் மேலே பெயின்ட் அடித்து மூடிவிடாதீர்கள், ஈரம் உள்ளே சிக்கி உப்பும். முட்டை ஊற்றினால் என்ன ஆகும் என்று பேரனிடம் கேளுங்கள். ஈ மொய்க்கும் என்பது என் ஊகம்.

தேவகோட்டைப் பேரன் | காலை 11.03
நூற்றுப் பத்து வருடமாக ஓர் ஈ வரவில்லை.

மாம்பலத்து லலிதா | காலை 11.20
மேல்பூச்சா, அடிப்பூச்சா என்று கேட்டேன். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். போகட்டும். மூன்றாம் மாடி தம்பி, சுவரை விட்டுவிட்டுத் தரையைப் பாருங்கள். ஆத்தங்குடிக் கல் என்கிறோமே, அது கல்லே இல்லை. கண்ணாடிப் பலகைமேல் அச்சு வைத்து, சாயம் கலந்த சிமென்டை ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. சூளை கிடையாது. அடியில் இருந்த கண்ணாடிதான் அந்தப் பளபளப்பைக் கொடுக்கிறது. வீடு முழுக்கப் போட்டால் கண் கூசும். வாசலுக்குள் நுழைந்ததும் ஒரு பாய் அளவுக்கு மட்டும் போடுங்கள்.

உமி | காலை 11.31
பதித்த பிறகு உமி போட்டுத் தேய்ப்பதை விட்டுவிட்டீர்கள். என் பெயரின் காரணமே அதுதான்.

தேவகோட்டைப் பேரன் | காலை 11.36
ஆத்தங்குடியில் நின்று பார்த்தவன் நான். என்னைக் கேட்காமல் மாம்பலம் பாடம் எடுக்கிறது.

சுண்ணாம்புச்சட்டி | நண்பகல் 12.10
காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலும் நின்று பார்த்திருப்பீர்களே. அந்தப் பழம்பொருள் கடைகளில் கிடக்கிற தேக்குத் தூணும் நிலைக்கதவும் யார் வீட்டில் இருந்தவை? அப்பத்தாவின் முட்டைக்கு இவ்வளவு உருகுகிறவர்கள் வளவுத் தூணை விற்கும்போது எங்கே போயிருந்தீர்கள்? இப்போது சென்னையில் ஒருவர் அந்தக் கதவின்மேல் கண்ணாடி போட்டு இட்லி சாப்பிடுகிறார். அதற்குப் பெயர் வீட்டுக்குக் களையாம்.

தேவகோட்டைப் பேரன் | நண்பகல் 12.14
எங்கள் வீடு பதினெட்டுப் பங்கு. பதினேழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். நான் போடவில்லை.

உமி | நண்பகல் 12.16
கதவு போய்விட்டது அல்லவா?

தேவகோட்டைப் பேரன் | நண்பகல் 12.17
கதவு போயிற்று. சுவர் இருக்கிறது. முட்டையோடு இருக்கிறது.

மூன்றாம் மாடி | மதியம் 1.30
கொத்தனாரிடம் பேசினேன். சுரண்டுவதற்கே தனிக் கூலி கேட்கிறார். முட்டை வாங்கித் தந்தால் பூசித் தருவேன் என்றும் சொல்கிறார். எத்தனை வாங்க வேண்டும்?

சுண்ணாம்புச்சட்டி | மதியம் 1.34
ஒன்றுகூட வேண்டாம். அந்தக் கொத்தனாரை மாற்றுங்கள்.

தேவகோட்டைப் பேரன் | மதியம் 1.35
அந்தக் கொத்தனாரை விடாதீர்கள். எந்த ஊர்க்காரர் என்று கேளுங்கள். புதுக்கோட்டைப் பக்கம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வேலையைக் கொடுங்கள்.

மாம்பலத்து லலிதா | மதியம் 1.52
மேல்பூச்சுக்கா, அடிப்பூச்சுக்கா?

தேவகோட்டைப் பேரன் | மதியம் 1.55
நாளை ஊருக்குப் போகிறேன். வளவுச் சுவரில் தலை சீவிப் படம் எடுத்துப் போடுகிறேன். பிறகு யார் வாயைத் திறக்கிறார்கள் என்று பார்க்கலாம்.

சுண்ணாம்புச்சட்டி | மதியம் 1.58
படத்தில் சுவர் தெரியும். முட்டை எப்படித் தெரியும்?