முதல் சார்ஜர் எங்கே: கடைவீதியிலா, குடியிருப்புத் தெருவிலா?

தெருவிளக்கு எழுதியது:
மின்வண்டிகளுக்குப் பொது சார்ஜிங் என்று உள்ளாட்சிகள் பேச ஆரம்பித்தாலே, பிரதான சாலையில் ஓர் இடம் பார்த்து 60 கிலோவாட் வேக சார்ஜர் ஒன்றிரண்டு வைப்பதில்தான் போய் நிற்கிறது. இந்த வரிசையே தவறு என்கிறேன். கார் என்பது நாளின் பெரும்பகுதி சும்மா நிற்கும் பொருள். அது நிற்கிற இடத்துக்கு மின்சாரம் வந்தால் போதும். சொந்த பார்க்கிங் உள்ளவர் வீட்டிலேயே பிளக்கைச் செருகிவிடுவார். வாடகை வீட்டுக்காரர், அடுக்குமாடியில் இடம் கிடைக்காதவர், ராத்திரி தெருவோரம் வண்டி விடுபவர், இவர்களுக்கு வேறு வழியே கிடையாது. பொதுப்பணம் முதலில் அந்தத் தெருக்களுக்குப் போகட்டும்.

கணக்கும் எளிதுதான். சின்ன கார் 100 கி.மீ. ஓடச் சுமார் 15 யூனிட் ஆகும். தினம் 40 கி.மீ. ஓடுபவருக்கு 6 யூனிட். 3.3 கிலோவாட் பாயிண்டில், அதாவது மெதுவான சார்ஜரில், ஏறக்குறைய இரண்டு மணி நேரம். விடியும்வரை நிற்கிற வண்டிக்கு இதற்கு மேல் வேகம் எதற்கு?

நாற்சந்தி எழுதியது:
ஒத்துக்கொள்ள மாட்டேன். உங்கள் கணக்கு ஆபீஸ் போய் வருபவருக்குச் சரி. டாக்சிக்காரர் என்ன செய்வார்? நாளுக்கு 200 கி.மீ. ஓடினால் 30 யூனிட் வேண்டும். உங்கள் 3.3 கிலோவாட்டில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டும். இரண்டு பேர் ஷிப்டு மாற்றி ஓட்டும் வண்டிக்கு அந்த ஒன்பது மணி நேரம் எங்கிருந்து வரும்? 50 கிலோவாட்டில் முக்கால் மணி நேரத்துக்குள் கிளம்பிவிடலாம். அவருக்கு வண்டி நின்றால் வருமானமும் நின்றது.

இன்னொன்று, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதி, பதிவான ஒவ்வொரு பேட்டரி காருக்கும் 1.3 கிலோவாட் பொது சார்ஜிங் திறன் இருக்க வேண்டும் என்கிறது. கிலோவாட்டைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள். ஒரு 60 கிலோவாட் சார்ஜர் உங்கள் 3.3 கிலோவாட் பெட்டிகள் பதினெட்டுக்குச் சமம். பதினெட்டையும் யார் பராமரிப்பது?

தெருவிளக்கு எழுதியது:
அந்த விதி நாடு முழுக்கச் சேர்த்து எவ்வளவு திறன் வேண்டும் என்று சொல்கிறது. எந்தத் தெருவில் என்பதை ஊர்தான் முடிவு செய்ய வேண்டும். நெதர்லாந்தின் பல நகரங்களில், சொந்த பார்க்கிங் இல்லாத ஒருவர் தன் வீட்டுப் பக்கம் பாயிண்ட் கேட்டு மனுப் போடலாம். நடந்து போகிற தூரத்தில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் வைக்கிறார்கள். வண்டி எங்கே நிற்கிறதோ அங்கே பாயிண்ட் வந்துவிடுகிறது.

நாற்சந்தி எழுதியது:
மனுப் போடத் தெரிந்தவருக்குத்தான் அது கிடைக்கும். கார் வாங்கியவர் கேட்பார், வாங்க யோசிப்பவர் கேட்க மாட்டார். வசதியான நாலு தெரு நிரம்பிவிடும், நெருக்கடியான குடியிருப்பு காலியாகவே கிடக்கும். நீங்கள் யாருக்காகப் பேசுகிறீர்களோ அவர்களையே இந்த முறை ஒதுக்கிவிடும்.

தெருவிளக்கு எழுதியது:
இது நியாயமான கேள்வி. அதனால்தான் மனுவை மட்டும் நம்பக் கூடாது என்கிறேன். பாயிண்டுகளில் ஒரு பங்கை, மனு வந்தாலும் வராவிட்டாலும், பார்க்கிங் இல்லாத வீடுகள் அதிகமுள்ள தெருக்களுக்கென்று முன்கூட்டியே ஒதுக்கி வைக்க வேண்டும்.

ஒயர்மேன் எழுதியது:
இரண்டு பேருமே டிரான்ஸ்ஃபார்மரை மறந்துவிட்டீர்கள். 60 கிலோவாட்டை ஒரே இடத்தில் எடுத்தாலும், எட்டு 7.4 கிலோவாட் பாயிண்டாகப் பிரித்தாலும் லோடு கிட்டத்தட்ட ஒன்றுதான். வேறுபாடு நேரத்தில் இருக்கிறது. வேக சார்ஜரில் வண்டி வந்த நொடியே முழு இழுவை. வீடுகளில் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் மாலை நேரத்தில் அது வந்தால் சிக்கல். மெதுவான பாயிண்டுகளை ஒரு கட்டுப்பாட்டுக் கருவியில் இணைத்தால், இருக்கிற லோடைப் பங்குபோட்டு மாலையில் குறைத்து நள்ளிரவுக்குப் பின் கூட்டலாம். ஆம்ஸ்டர்டாமில் இப்படிச் செய்கிறார்கள்.

லண்டனில் தெருவிளக்குக் கம்பத்திலேயே பாயிண்ட் வைக்கிறார்கள். சோடியம் விளக்கை எல்ஈடி ஆக்கினால் லைனில் கொஞ்சம் இடம் மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் கம்பத்தின் அடிப்பெட்டியைத் திறந்து பார்க்காமல் யாரும் வாக்குக் கொடுக்காதீர்கள். பல இடங்களில் அந்த லைனில் இருட்டிய பிறகுதான் கரண்ட் வரும், பகலில் பாயிண்ட் செத்துக் கிடக்கும். 3.3 கிலோவாட்டுக்கு 14 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். விளக்குக்கென்று போட்ட மெல்லிய கேபிள் அதைத் தாங்குமா என்று அளந்துதான் சொல்ல முடியும்.

அப்புறம், செலவில் பெரும்பகுதி பள்ளம் தோண்டுவதில் போய்விடும். குடிநீர்க் குழாய்க்கோ வடிகாலுக்கோ சாலையைத் தோண்டும்போதே காலி பைப் ஒன்றைப் புதைத்து வையுங்கள். சார்ஜர் எப்போது வந்தாலும் கேபிளை அதில் இழுத்துவிடலாம்.

நடைபாதை எழுதியது:
நான் சக்கர நாற்காலியில் போகிறவள். பெட்டியை எங்கே நடுவீர்கள் என்று இதுவரை யாரும் பேசவில்லை. நடைபாதையில் நட்டு, கேபிளையும் குறுக்கே போட்டால் எனக்குப் பாதையே இல்லாமல் போகும். வேக சார்ஜரின் கேபிள் கனமானது, உட்கார்ந்தபடி அதைத் தூக்கிச் செருகுவது லேசான வேலையல்ல. பெட்டியைச் சுற்றிக் கான்கிரீட் விளிம்பு கட்டிவிட்டால் கிட்டேயே போக முடியாது. பிரிட்டனில் 2022-இல் பாஸ் 1899 என்று இதற்கென்றே ஒரு தரநிலை வந்திருக்கிறது. திரையின் உயரம், பெட்டியைச் சுற்றியுள்ள இடம் எல்லாம் அதில் உண்டு. பார்க்கிங் இடத்திலிருந்தே கொஞ்சம் எடுத்துப் பெட்டியை நடுங்கள், நடைபாதையைத் தொடாதீர்கள்.

நாற்சந்தி எழுதியது:
நடைபாதை சொல்வதை முழுக்க ஏற்கிறேன். ஆனால் முதல் சார்ஜர் டாக்சி நிற்கும் இடத்தில்தான் என்பதை நான் விடப்போவதில்லை. தெருப் பாயிண்டில் இன்னொரு தொல்லையும் உண்டு. சார்ஜ் முடிந்த பிறகும் காரை எடுக்க மாட்டார்கள். அடுத்தவர் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்.

தெருவிளக்கு எழுதியது:
டாக்சி நிற்கும் இடத்துக்கு வேக சார்ஜர் ஒன்று என்றால் எனக்கு மறுப்பில்லை. அதைக் காட்டித் தெருக்களைத் தள்ளிப்போடக் கூடாது, அவ்வளவுதான். காரை எடுக்காதவருக்குப் பகலில் நிறுத்தக் கட்டணம் போடுங்கள். இரவு பத்து முதல் காலை ஏழு வரை வேண்டாம். சார்ஜ் முடிந்தது என்பதற்காக நடுராத்திரி இரண்டு மணிக்கு யாரும் எழுந்து போய்க் காரை நகர்த்தப் போவதில்லை. அந்த நேரத்தில் ஒரு வண்டிக்கு ஒரு பாயிண்ட் என்று வைத்துத்தான் எண்ணிக்கையைப் போட வேண்டும்.